காய்ச்சிய நீர்

நிலநடுக்க அலைகளால் பூமியின் உட்புறத்தைப் படமாக்கும் கணக்கை மார்பக ஒலியலை ஸ்கேனுக்குப் பொருத்தியவள் மஹிமா. ஆரணியில் அமைத்த சோதனைக் கருவியில் முதலில் சமண நெறி வழுவாத தாய் சக்ரேஸ்வரியையே படுக்கவைத்தாள். தாயின் மார்பு தொட்டி நீரில் அமிழ்ந்திருக்க, திரையில் கருந்திட்டொன்று எழுந்தது. மகள் மீண்டும் கணக்கிட்டாள், திட்டு அசையவில்லை.

"இன்னாடி, பேயறைஞ்சா மாதிரி கீற? பூதம் எதுனா கெளம்பிச்சா?"

மஹிமா நீரில் கைவைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"அம்மா, குழாய்த் தண்ணிதான ஊத்துன?"

"அதுல எத்தன உயிரு இருக்கும்? வடிகட்டி, காய்ச்சிதான் ஊத்துனேன். ஜல்தி ஜல்தின்னு நீ நின்னுகினு இருந்த, ஆறல."

சூடான நீரில் ஒலி விரைந்தோடும். குளிர்நீரின் வேகத்தை நம்பித் தொடங்கிய கணக்கு ஓர் அலையை அடுத்த அலையென்று மயங்கி, இல்லாததையும் வரைந்துவிடும். மஹிமா வேகத்தைத் திருத்தினாள். அருகன் நாமம் உதட்டில் நடுங்க, திரையை நோக்கினாள். திட்டு கரைந்து மறைந்தது.

ஆயினும் அச்சம் கரையவில்லை.

"தண்ணி ஆறட்டும்மா. இன்னொரு தடவ படுத்துக்கோ."