ஜீப்காரரின் மகள் என்று சொல்லிக்கொண்டவள்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சபை நடத்தும் ஒரு மாதப் பத்திரிகைக்குப் பிழை திருத்துவது என் பிழைப்பு. ஓய்வுபெற்ற மிஷனரித் தம்பதி ஒன்றைப் பார்த்துப் பேசி, 'நட்பு, விசுவாசம், பயணம்' என்று மூன்று தலைப்பில் அவர்கள் நினைவுகளை வாங்கி வரச் சொன்னார் ஆசிரியர். போனேன். போதகர் மூன்று தலைப்புக்கும் தங்குதடையில்லாமல் பேசினார், பேசி முடித்துவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போனார். அவர் சொன்னது அச்சாகிவிட்டது. அவர் தூங்கும்போது அவர் மனைவி சொன்னதுதான் இது. அந்த அம்மாள் மலையில் பள்ளிக்கூடம் நடத்தியவர். எல்லோருக்கும் அவர் 'டீச்சர்', புருஷனுக்கும் சேர்த்து.

ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் சொல்கிற கதையை எவ்வளவு தூரம் நம்பலாம்? தெரியவில்லை. நான் பாதி நம்பினேன். எந்தப் பாதி என்பது இன்னும் முடிவாகவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலைகள் மௌனமாக இருந்தன. அந்த மௌனத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு ஜீப்—'

அடித்துவிட்டேன். மலை எந்தக் காலத்தில் வாயைத் திறந்தது, இப்போது மௌனமாக இருக்க?

அடுத்தது: 'நம்பிக்கை என்பது ஒரு—' இது பத்திரிகையில் வேலை பார்த்துக் கெட்டுப்போன கை. இதுவும் வேண்டாம்.

இருந்தாலும் ஜீப்பைச் சொல்லாமல் நகர முடியாது. முப்பது சொச்சம் வருஷம் அந்த மலையில் இவர்கள் போகாத மூலை இல்லை. போன இடத்துக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒருவர். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, 'ஜீப்காரர்' என்றால் போதும். பாதை சரிந்தால் இறங்கிக் கல்லை உருட்டுவார், டீச்சருக்குக் காய்ச்சல் வந்தால் வண்டிக்குள்ளேயே படுக்கை விரிப்பார். அங்கே முதல் ஞானஸ்நானம் எடுத்தவரும் அவர்தான். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகு போதகர் எந்த மேடையில் ஏறினாலும் ஜீப்காரரும் கூடவே ஏறுவார், ஆள் வராமலே. 'என் ஊழியத்தின் முதல் கனி' என்பார் போதகர்.

(இடையில் ஒரு சங்கதி. இவ்வளவு பழகியும் டீச்சர் ஒருநாள்கூட ஜீப்காரர் வீட்டுக்குப் போனதில்லை. வீடு அடுத்த மலையில். 'பாதை சரியில்லம்மா, இன்னொரு நாள் பார்க்கலாம்' என்று தட்டிக் கழித்துவிடுவார். வீட்டில் எல்லோரும் சுகமா என்றால் 'எல்லாரும் சுகம்' என்பார். அந்த 'எல்லாரும்' யார் யார் என்று கேட்கத் தோன்றியதில்லை.)

3

ஒரு மழைநாள் மாலையில் அந்தத் தம்பதியின் வீட்டு வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். முப்பதை ஒட்டிய வயது. குடையை மடக்கி, தண்ணீர் உள்ளே சொட்டாதபடி வெளியிலேயே சாய்த்து வைத்தாள்.

"நான் ஜீப்காரர் மகள்" என்றாள். "அப்பா தவறிட்டார். உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

போதகர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு "உள்ள வாம்மா" என்றார்.

அழுதார்கள், ஜெபம் பண்ணினார்கள், டீ குடித்தார்கள். இந்த ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். டீச்சரின் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கழற்றி வாங்கி, காதுக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துத் திருப்பிக் கொடுத்தாள். உலகம் சட்டென்று நேரானது. அந்த வினாடியே டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வந்த அன்னைக்கே இவ்வளவு ஒத்தாசையா இருக்கிறவங்களைக் கண்டா எனக்குப் பயம்" என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு அவள் வாரம் தவறாமல் வந்தாள். அவள் வருகிற நாளில் டீச்சர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிடுவார். ஒரு தடவை எடுக்க மறந்து, மறுநாள் உலையில் போடப்போகும்போது கையில் சிக்கியது.

4

இந்த இடத்தில் கதை நியாயமாகத் திருட்டை நோக்கித்தான் போக வேண்டும். எழுதியும் பார்த்தேன்: 'அன்று பீரோவைத் திறந்த டீச்சர் திடுக்கிட்டு—'

திடுக்கிட வாய்ப்பே இல்லை. வீட்டில் எதுவும் குறையவில்லை, கூடிக்கொண்டுதான் போனது. போதகர் வழுக்கி விழாமலிருக்கக் குளியலறையில் ஒரு முக்காலி வந்தது. ஒழுகின குழாய்க்கு வாஷர் வந்தது.

"திருட வந்தவ வாஷர் மாத்துவாளா டீச்சர்?" என்று கேட்டேன்.

"சில்லறைத் திருடி மாத்த மாட்டா" என்றார்.

பிறகு அது நடந்தது. மலைப் பாதையில் ஒரு வளைவைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்த எடத்துல மட்டும் மாமாவுக்கு வண்டி ஓட்டவே பயம்" என்றாள் அவள்.

"மாமாவா?" என்றார் டீச்சர்.

கண்ணிமைக்கும் நேரம்தான். "அப்பாவைத்தான் சொல்றேன். அங்க எல்லாரும் மாமான்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கும் அப்படியே பழகிருச்சு."

(பெற்ற தகப்பனை ஒருத்தி மாமா என்று கூப்பிடுவாளா? என்னோடு படித்த ஒருவன் தன் அப்பாவைக் கடைசிவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டான், வீடு நிறையச் சித்தப்பாக்கள். ஆகவே இதைத் தடயம் என்றும் சொல்லலாம், ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம்.)

அவள் போனதும் டீச்சர் புருஷனிடம் போனார். "ஏங்க, இவ பேச்சுல ஏதோ இடிக்குது. எனக்கு நம்பிக்கை இல்ல."

"விடும்மா. நாம தட்டாத கதவா? நீ யாரு, என்ன அத்தாட்சின்னு யாராவது நம்மளைக் கேட்டாங்களா?"

"நாம மட்டும் சும்மாவா போனோம்? நமக்கும் அவங்ககிட்ட ஒண்ணு வேண்டியிருந்துச்சில்ல. இவளுக்கு என்ன வேணும்னுதான் கேக்கறேன்."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதையும் அவள்தான் சரிபண்ணிக் கொடுத்திருந்தாள்.

5

எனக்குப் போதகர் மேல்தான் சந்தேகம். மனுஷன் இவ்வளவு நல்லவராக இருந்தால் கதை நிற்காது. அவருக்கு ஒரு கெட்ட குணம் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது டீச்சரே கொடுத்தார்.

ஒருநாள் போதகர் ஒரு கூட்டத்தில் பேசுவதற்குத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அப்பா கல்லறைல என்ன வசனம் போட்டீங்க?" என்று கேட்டார் போதகர்.

"வசனமா?" என்றாள். "ஒரு கல்லு மட்டும்தான் அய்யா. சிலுவைகூட இல்ல. அவர் வேண்டாம்னுட்டார்."

"வேண்டாம்னா?"

"நீங்க ரெண்டு பேரும் கீழ வந்தப்பறம் அவர் ஜெபத்துக்கே போனதில்ல. 'அய்யா இருந்தவரைக்கும் அய்யாவுக்காகப் போனேன். அவர் ஒருத்தர்தான் எனக்கு சிநேகிதம்'னு சொல்வார்." சொன்னவள் மீதிக் காயை நறுக்கினாள். தான் போட்டு உடைத்தது இன்னதென்று அவளுக்குத் தெரிந்ததா இல்லையா என்று டீச்சரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் கடைக்குக் கிளம்பிப் போனதும் போதகர் சொன்னார்: "அவ பொய் சொல்றா."

"எதை?"

"எல்லாத்தையும். ஜீப்காரருக்குப் பிள்ளையே கிடையாது. மண்சரிவுல வண்டி மாட்டின அன்னைக்கு என்கிட்ட சொல்லி அழுதிருக்கார். எனக்கு முதல் நாளே தெரியும்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தெரிஞ்சுமா இவ்வளவு நாள் வர விட்டீங்க? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ உள்ள விட மாட்டே."

"சரி. இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?"

மகள் என்று அவள் சொன்ன பொய்யை அவரால் சுமக்க முடிந்தது. சிலுவை இல்லை என்று சொன்னதைச் சுமக்க முடியவில்லை. அது ஒருவேளை உண்மையாக இருந்துவிடுமோ என்று அவர் பயப்படுவதை டீச்சர் பார்த்தார். அவள் பொய்க்காரியானால் ஜீப்காரர் விசுவாசி, போதகர் மேடைகளில் சொன்னதெல்லாம் உண்மை. அவள் உண்மை பேசுகிறவளானால்—

அந்த வாக்கியத்தை முடிக்க மனசில்லாமல் டீச்சர் எழுந்துபோய் விளக்கைப் போட்டாராம். இதுநாள்வரை அவள்மேல் இருந்த சந்தேகம் அன்றைக்குப் புருஷன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. இதை மறைத்தவர் இன்னும் எதையெல்லாம் மறைத்தாரோ.

(பிழை திருத்துகிறவனின் குறிப்பு: அச்சான பேட்டியில் ஜீப்காரர் 'நட்பு' என்ற தலைப்பின்கீழ் வருகிறார். 'விசுவாசம்' பகுதியில் அவர் இல்லை. இடம் பற்றாமல் விடுபட்டதாகவும் இருக்கலாம்.)

6

டீச்சர் நேரே கண்ணாடிக் கடைக்குப் போனார். பின்னறையில் அவள் ஒரு கண்ணாடிச் சில்லை மிஷினில் பிடித்து விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜீப்காரருக்குப் பிள்ளை இல்லன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார் டீச்சர், உட்காராமலே.

அவள் மிஷினை நிறுத்தினாள். "அய்யாவுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்மா. அவர்கிட்ட மட்டும் சொல்லிருக்கேன்னு மாமா சொன்னார்."

"அப்பறம் எதுக்கு மகள்னு வந்து நின்னே?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு சொல்லியிருந்தா எத்தனை தடவை வர முடியும்? ஒரு தடவை. டீ குடுத்து அனுப்பிருப்பீங்க."

டீச்சருக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆமாம், அதைத்தான் செய்திருப்பார்.

அம்மா அப்பா வேலைக்குப் போய்விடுவார்கள், தன்னைச் சோறு போட்டு வளர்த்தது ஜீப்காரரும் அவர் மனைவியும்தான் என்றாள். அவர் படுக்கையில் விழுந்தபோது அவருக்கு ஊட்டியது தான் என்றாள். "போய்ப் பாரு, என்னை மறந்திருக்க மாட்டாங்கன்னு சொன்னார். மாமா இடத்துல யாரும் இல்லாம இருந்தேன். வந்தேன். நம்பலேன்னா வந்து பாருங்க, வீடும் அங்கதான் இருக்கு, கல்லும் அங்கதான் இருக்கு."

(இதையும் உடனே நம்ப வேண்டியதில்லை. பாதிப் பொய்யை ஒப்புக்கொண்டு மீதியைப் பத்திரப்படுத்துகிற ஆட்கள் உண்டு.)

7

டீச்சர் கிளம்பிவிட்டார்.

"அவளை நம்பியா இந்த வயசுல மலை ஏறப் போறே?" என்றார் போதகர்.

"நம்பிப் போகல. பார்க்கப் போறேன்."

காலையில் பார்த்தால் போதகரின் பையும் கதவருகே இருந்தது. ஏன் வருகிறீர்கள் என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது வசனம் சொல்வார் என்று விட்டுவிட்டார்.

அந்த மலைக்கு இப்போது பஸ் போகிறது. வளைவுக்கு வளைவு வாந்தி வந்தது போதகருக்கு. கூட வந்திருந்த அவள் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள், எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கருகே காட்டினாள். முன் சீட்டிலிருந்த ஒருவர் திரும்பி, "அப்பாவுக்கு முடியலையாம்மா?" என்று கேட்டார். மூன்று பேரும் வெளியே பார்த்தார்கள்.

மேலே வீடு இருந்தது. அவள் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே. பக்கத்தில் இன்னொரு வீடும் இருந்தது. இவ்வளவு வருஷத்தில் ஒரு தடவையாவது வந்திருக்கலாம் என்று டீச்சருக்குத் தோன்றியது. பாதை அப்படியொன்றும் மோசமில்லை.

கல்லறை வீட்டுக்குப் பின்னால், மேட்டில். அவள் முன்னே போனாள். பின்னால் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். பாதி வழியில் போதகர் நின்றார்.

"டீச்சர், அங்க சிலுவை இருந்துச்சுன்னா இவளை என்ன பண்றது?"

"இல்லேன்னா ஜீப்காரரை என்ன பண்றது, அதையும் யோசிங்க" என்றார் டீச்சர்.

8

இந்த இடத்தில் டீச்சர் நிறுத்திக்கொண்டார். "சிலுவை இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எது இருக்கணும்னு நெனச்சுட்டு கேக்கறீங்க?"

நான் பேனாவைத் திறந்தேன். "அதைச் சொன்னா நீங்க அதை மட்டும்தான் எழுதுவீங்க" என்றார்.

ஆகவே நானே மூன்று முடிவு எழுதினேன். முதலாவதில் பழைய மரச் சிலுவை ஒன்று, அடியில் செல்லரித்து நிற்கிறது. இரண்டாவதில் வெறும் கல். மூன்றாவதில் சிலுவை இருக்கிறது, ஆனால் சிமெண்ட் இன்னும் காயவில்லை. யாரோ போன வாரம்தான் நட்டிருக்கிறார்கள். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிடித்ததாலேயே அதை நம்பவில்லை.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பத்திரிகை வந்ததும் பிரதி கொடுக்கப் போனேன். போதகர் வெந்நீர்ப் பாத்திரத்தில் கால்களை வைத்து உட்கார்ந்திருந்தார். ஒருத்தி தரையில் உட்கார்ந்து, ஒரு காலைத் துண்டில் ஏந்தி, நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். இவர்கள் ஒருவரையொருவர் மன்னித்துவிட்டவர்கள் போலவும் இருந்தது, மன்னிக்க ஒன்றுமே இல்லாதவர்கள் போலவும் இருந்தது. அவள் வேலை முடியாமல் நிமிர மாட்டாள் என்று தெரிந்து, போதகர் அவளைக் காட்டி எனக்கு அறிமுகப்படுத்தினார்.

"தம்பி, இது எங்க—"

நிறுத்திவிட்டார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். அவளும் கத்தரியை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இதை நான் முடிக்கப் போவதில்லை. மேட்டில் என்ன இருந்திருக்கும் என்று உங்கள் மனசுக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா, அதன்படி நீங்களே அடுத்த சொல்லைப் போட்டுக்கொள்ளுங்கள். 'இது எங்க—'