ச, ங், க

டேப்பின் நுனியைப் பல்லால் கவ்வி அறுத்து, பெட்டியின் வாயில் ஒட்டி, முழங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள் மூத்தவள். டேப் அறுக்கும் கருவியின் பல் மழுங்கி வெகுநாளாகிறது. சொன்னால் சூப்பர்வைசர், "உனக்குத்தான் முப்பத்திரண்டு பல்லு இருக்கே" என்று சிரிப்பார். தகரக் கூரை பெட்டிகளோடு ஆட்களையும் சேர்த்து வேகவைத்துக்கொண்டிருந்தது. ஷெட்டின் கோடியில் கண்ணாடி அறை. அதற்குள்ளே, ஏசிக் காற்றுக்குத் தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவளுடைய ஓரகத்தி.

அந்தச் சால்வையைத்தான் தாங்க முடியவில்லை. இங்கே முதுகுத்தண்டு வழியாக வியர்வை இறங்குகிறது. அங்கே மகாராணிக்குக் குளிருகிறதாம்.

இளையவளை இங்கே கூட்டிவந்ததே இவள்தான். கொழுந்தன் பெண்டாட்டி வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி, பக்கத்து மேசையில் நிறுத்தி, அட்டை மடிக்கக் கற்றுக்கொடுத்தாள். அவளோ சாயங்கால வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் பாஷை ஒன்றைப் படித்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். மூத்தவள் எழுத்துக்கூட்டத் தொடங்கியதே கல்யாணத்துக்குப் பிறகு, மகனின் பாடப்புத்தகத்தில்தான். போன வாரம் ஷெட் ஆட்களின் போன் குரூப்பில் லீவு கேட்டு, 'அண்ணே வயிறு சங்கடமா இருக்கு அரை நாள் லீவு வேணும்' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினாள். எட்டிப்பார்த்த இளையவள், "ஒரு பிழைகூட இல்லக்கா" என்றாள். பாராட்டுதான். ஆனாலும் அன்று முழுக்க உள்ளே எரிந்தது.

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்படி. வெங்காயம் நறுக்கும்போது மூத்தவள் கேட்டேவிட்டாள்.

"அப்படி என்னதான்டி பண்றே உள்ள?"

"தேடுறதுதான்க்கா. ஒரு வரியைக் குடுத்து, இதுக்குள்ள இந்தத் துண்டு இருக்கான்னு கேட்டா, எத்தனாவது இடத்துல இருக்குன்னு சொல்லும். இல்லைன்னா மைனஸ் ஒண்ணு."

"மொதல்லயே இருந்தா?"

"பூஜ்யம். அங்க எண்ணுறதே பூஜ்யத்துலேருந்துதான்."

"அதானே. மொதல்ல வந்தவளுக்கு எங்க போனாலும் பூஜ்யந்தான்."

கூடத்திலிருந்து மூத்தவளின் புருஷன் குரல் கொடுத்தான்: "அவகிட்ட நீயும் ரெண்டு வார்த்தை கத்துக்கயேன்!" மூத்தவள் கத்தியைக் கொஞ்சம் வேகமாகவே இறக்கினாள்.

ஷிப்ட் முடிந்த பிறகும் ஆட்களை நிறுத்திவைத்துச் சும்மாவே வேலை வாங்குவது வழக்கமாகிவிட்டிருந்தது. ஒரு சங்கம் வைக்க வேண்டும் என்று ஷெட்டில் பேச்சு கிளம்பியது. பேச்சு குரூப்பிலும் ஏறியது. குரூப்பைத் தொடங்கியதே சூப்பர்வைசர் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. மொத்தத்தையும் இறக்கி, யார் யார் என்று எடுத்துத் தரச்சொல்லி இளையவளிடம் கொடுத்துவிட்டார் மேனேஜர்.

மூத்தவள் மழுங்கிய டேப் கருவியோடு கண்ணாடி அறைக்குள் நுழைந்தபோது, மேனேஜர் திரையைப் பார்த்துச் சலித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டே ரெண்டு பேருதானா? ஷெட்டே பேசுதுன்னாங்க?"

"அவ்வளவுதான் சார் வருது" என்றாள் இளையவள். முகத்தைத் திருப்பவில்லை.

தேடும் கட்டத்தில் இருந்ததை மூத்தவள் மனசுக்குள் எழுத்துக்கூட்டினாள். ச, ங், க, ம். சங்கம். சட்டென்று உள்ளே ஒரு விளக்குப் போட்டதுபோல் இருந்தது. இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லை!

"அப்படித் தேடினா எப்படி சார் கிடைக்கும்? சங்கத்துல சேரு, சங்கத்துக்கு வான்னுதானே எழுதுவோம். அந்த 'ம்'மைத் தூக்கிட்டு 'சங்க'ன்னு மட்டும் போடச் சொல்லுங்க."

மேசைக்கடியில் இளையவளின் கால் வந்து அவள் பாதத்தை அழுத்தியது. அழுத்துடி, நல்லா அழுத்து என்று நினைத்துக்கொண்டாள் மூத்தவள்.

மேனேஜரே குனிந்து 'ம்'மை அழித்தார். திரை நிறைந்து, கீழே ஓடிக்கொண்டே போனது. "பரவால்லையே! உனக்கும் உள்ள ஒரு நாற்காலி போட்டுடலாம் போலிருக்கே." ஏசிக் காற்று அப்போதுதான் அவள் கழுத்தில் பட்டது. யாரைக் காட்டிக்கொடுத்தோம் என்பது படியிறங்கும்போது லேசாக உறைத்தது. நாற்காலி அதை அமுக்கிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது இளையவள் வாய் திறந்தாள். "வேணும்னேதான்க்கா அந்த 'ம்'மை விட்டு வச்சிருந்தேன். நாலு பேரு தப்பட்டும்னு."

"இப்ப சொல்லுவே. நான் சொல்லி அவரு மெச்சினது உனக்குப் பொறுக்கல."

இளையவள் சால்வையை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள். மறுநாள் சீக்கிரமே கிளம்பித் தனியாகப் போய்விட்டாள்.

ஷெட் வாசலில் கூட்டம். பெருவிரல் வைக்கும் மிஷின் மூத்தவளுக்குச் சிவப்புக் காட்டியது. விரலைப் புடவையில் துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடி சிவப்பு.

"விரலைத் தேய்ச்சு என்ன பண்ண? பேரையே எடுத்துட்டாங்க" என்றான் பக்கத்தில் நின்ற லோடுமேன். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். "'என்ன சங்கதி'ன்னு கேட்டது ஒரு குத்தமா? நான் தெனமும் கேக்குறதுதானே!"

காவலாளி தன் போனில் விரலை ஓட்டி, அவளிடம் நீட்டினான். "இது நீங்க போட்டதுதானேம்மா?"

அண்ணே வயிறு சங்கடமா இருக்கு. ச, ங், க. ஒரு பிழைகூட இல்லை.

"ஐயா, இது வயித்து வலிங்க. உள்ள யாரையாவது படிச்சுப் பாக்கச் சொல்லுங்களேன்."

"உள்ள யாரும் படிக்கிறதில்லம்மா. உங்க ஓரகத்தி வந்து சொல்லிப் பாத்துச்சு. அதையும் மேனேஜர் கண்ணாடி ரூமுக்கு வெளியே உக்கார வச்சிட்டாரு. குரூப்லயே எழுதிப் போடுங்க. ஆபீஸ்ல தேடி எடுப்பாங்க."

அவள் சுவரோரம் குந்தி, போனை முட்டியில் வைத்துக்கொண்டாள். அண்ணே என்று அடித்தாள். எனக்கு ரொம்பச் என்று அடித்தாள். அடுத்து வரவேண்டிய சொல் நாக்கில் தயாராக இருந்தது. ச, ங் வரைக்கும் வந்து விரல் அப்படியே நின்றது. வேறு எந்தச் சொல்லால் இதைச் சொல்வது என்று தெரியவில்லை. உள்ளே அவளுடைய மேசையில் யாரோ டேப்பைப் பல்லால் அறுக்கும் சத்தம் கேட்டது.