ஆறு கூடை பட்டைத்தூள்

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையை ஒட்டி இருந்த அந்தத் தோல் பதனிடும் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அது மே மாதம், பள்ளிக்கூடமும் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நாளில், பின்சுவரில் இடிந்த சந்து வழியாகப் பிள்ளைகள் உள்ளே புகுந்து விளையாடுவார்கள். வாட்ச்மேன் அதட்டினால் அதே சந்து வழியாகத் தெறித்து ஓடுவார்கள்.

அவர்கள் விளையாடும் இடத்தில் எட்டுச் சுண்ணாம்புக் குழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். சுற்றிலும் ஒரு சாண் அகலக் கல் விளிம்பு. சுண்ணாம்புத் தண்ணீரில் தோலை ஊறப்போட்டால் ரோமத்தின் வேர் இளகும். பிறகு கத்தியால் வழித்தாலே போதும், வந்துவிடும். தோலை எடுத்த பிறகும் வெள்ளைச் சேறு குழியிலேயே கிடக்கும். விழுந்தவர் காலை ஊன்ற அதில் அடி கிடையாது. கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

இத்தனைக்கும் அங்கே ஒரு பிள்ளையும் விழுந்ததில்லை. காரணம் எளிது. தரை முழுக்க, பதனிட இடிக்கும் ஆவாரம்பட்டையின் தூள் படிந்து செம்பழுப்பாக இருக்கும். குழி பால் மாதிரி வெளுத்திருக்கும். “வெள்ளைன்னா குழி, செவப்புன்னா தரை.” நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் இதுதான் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. பட்டை சலிக்கும் வேலை பார்த்த பூவம்மாளும் தன் மகள் சந்திராவுக்கு இதையேதான் சொல்லியிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் சொன்னாள். “வெள்ளைய மிதிக்காத.”

“தெரியும்மா. நூறு வாட்டி சொல்லிட்ட,” என்று சந்திரா ஓடிப்போனாள். அவளுக்கு ஏழு வயது.

சிறிது நேரம் கழித்து, பூவம்மாள் ஆட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, ஒரு கை தவிட்டை மேலே தூவினாள். தவிடு மிதந்தது. உடனே நனையாது, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு போர்வையாகப் பரவும். இரண்டு நொடியில் தண்ணீரைக் காணோம். தொட்டி நிறையத் தவிடு இருப்பது போலத்தான் தெரிந்தது. ஆடு வாயை வைத்தது. மூக்கு வரை உள்ளே போயிற்று.

பூவம்மாளின் கையிலிருந்து தவிட்டு முறம் விழுந்தது.

முந்தின நாள் சாயங்காலம் மேஸ்திரி பச்சையப்பன் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்திருந்தார். “மூலைக் குழி நாத்தம் ஜாஸ்தியா இருக்கும்மா. சனிக்கெழம மெட்ராஸ்லேர்ந்து ஏஜெண்டு வர்றாரு. எதையாச்சும் போட்டு அடக்கு.” கையில் இருந்தது பட்டைத்தூள். ஆறு கூடை கொட்டி, நாற்றம் அடங்கும் வரை பரப்பிவிட்டாள். அடங்கியது. மேஸ்திரி பாராட்டினார்கூட.

வெள்ளையைச் சிவப்பாக்கியவள் அவள்தான்.

ஓடினாள். சந்துக்குள் நுழைந்ததும் நின்றாள். கத்த வாய் திறந்து, மூடிக்கொண்டாள். பெரியவர் குரல் கேட்டால் இந்தப் பிள்ளைகள் நின்று கேட்க மாட்டார்கள். வெளியேற இந்தச் சந்துப் பக்கம்தான் ஓடி வருவார்கள். சந்துக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தது மூலைக் குழி. வெயிலில் மேல்தூள் நன்றாகக் காய்ந்து, பக்கத்துத் தரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லாமல் கிடந்தது. அதன்மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. காக்கையின் கனத்தை அந்தப் போர்வை தாங்கும். ஏழு வயதுப் பிள்ளையைத் தாங்காது.

கல்லா மண்ணா ஆடிக்கொண்டிருந்தார்கள். பிடிக்கிறவன் கல்லைக் கேட்டால் கல் எல்லாம் அவனுக்கு. மண்ணில் நிற்பவரைத் தொடக்கூடாது. மண்ணைக் கேட்டால் அப்படியே தலைகீழ். அன்றைக்குப் பிடிக்கிறவன் பக்கத்து வீட்டுக் காசி. அவன் கல்லைக் கேட்டிருந்தான்.

சந்திரா மூலைக் குழியின் விளிம்பில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். “ஒன் கல்லு மேலதான் நிக்கிறேன்! இன்னாடா பண்ணுவ, நொண்டிக் காசி?”

“யாருடி நொண்டி?” காசி பாய்ந்தான். அவன் தரைப் பக்கமிருந்து வந்தான். தப்பிக்க சந்திரா மண்ணுக்குத் தாவ வேண்டும். அவனுக்கு எதிர்ப்பக்கம் இருந்த ‘மண்’ணைப் பார்த்துத் திரும்பி, ஒரு காலைத் தூக்கினாள்.

“காசி அவுட்டு!” பூவம்மாள் கத்தினாள். “நான்தான் பிடிக்கிறேன்! மண்ணு என்னுது! மண்ணு என்னுது!”

எத்தனை நாள் ஆடிய ஆட்டம்! யோசிப்பதற்குள் கால்கள் புரிந்துகொண்டன. மற்றப் பிள்ளைகள் ஆளுக்கொரு கல்லில் ஏறிக்கொண்டார்கள். சந்திரா தூக்கிய காலை விளிம்பிலேயே வைத்தாள். உடம்பு ஒருமுறை குழிப் பக்கம் சாய்ந்தது. கைகளை விரித்துச் சமாளித்துக்கொண்டாள்.

“அது எப்டி அத்தை? நான் அவுட்டே ஆவல!” காசி கல்மேல் நின்றே சண்டை பிடித்தான்.

“ஆவலதான்டா. கல்ல வுட்டு எறங்காத.”

பூவம்மாள் நடந்தாள். துரத்துவது போலப் போனால் குழந்தை தாவிவிடும். அதனால் விளையாட வருகிறவள் போலவே கையை ஆட்டிக்கொண்டு, குழியைச் சுற்றி, தரைப் பக்கமாக வந்தாள். சந்திரா நாக்கைத் துருத்தினாள். “கல்லுல நிக்கிறேன், தொட முடியாதே!” பூவம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“அழுகுணி! கல்லுல தொட்டுட்ட!”

பூவம்மாள் மகளை விடாமலே ஓர் உடைந்த செங்கல்லை எடுத்து அந்தச் சிவப்பின் நடுவில் போட்டாள். காக்கை பறந்தது. செங்கல் சத்தமில்லாமல் மறைந்தது. அது போன இடத்தில் வெள்ளை தெரிந்தது. தூள் மெல்ல நகர்ந்து அதை மறுபடி மூடிக்கொண்டது.



“காக்கா உக்காந்திருந்திச்சே அத்தை,” என்றான் காசி, குரல் இறங்கி.

“நான்தான்டா கொட்னேன். நாத்தம் போவணும்னு.”

பிள்ளைகளைச் சந்து வழியாக வெளியே அனுப்பினாள். சந்திரா மட்டும் வெளியே போகாமல் சந்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். பூவம்மாள் சேறு கலக்கும் நீண்ட கழியை எடுத்து, தூளை ஓரமாக ஒதுக்கி, கூடையால் வாரத் தொடங்கினாள். மூன்றாவது கூடையில் பச்சையப்பன் வந்துவிட்டார்.

“இன்னாம்மா இது! நாளைக்கு ஏஜெண்டு வர்றாரு. நாத்தம் பொளக்குமே!”

“பொளக்கட்டும் மேஸ்திரி. இந்தச் சந்துல சுவர் வெக்கிற வரைக்கும் பொளக்கட்டும்.” கையை நிறுத்தாமல்தான் சொன்னாள்.

ஆறாவது கூடை நிறைந்தபோது குழி முழுக்க வெளுத்திருந்தது. அழுகல் வாடை முகத்தில் அறைந்தது. சந்திரா பாவாடை நுனியால் மூக்கை மூடிக்கொண்டாள்.

“அம்மா, இப்ப வெள்ளைன்னா குழி, செவப்புன்னா தரைதானே?”

பூவம்மாள் கழியைத் தலைகீழாகத் திருப்பி, மகள் நின்ற இடத்துக்கு முன்னால் தரையைத் தட்டிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. அடுத்த அடியையும் தட்டிவிட்டுத்தான் அவளை நடக்கவிட்டாள்.