பதினோராவது கட்டம்: காரணம்

1

அன்று அறையில் இருந்தவர்கள்: மேசைக்கு இந்தப் பக்கம் நான், எதிர் நாற்காலியில், கணவனை இழந்து ஏழு வாரமான ஒரு தையல்காரி, கதவை ஒட்டிய பெஞ்சில் அவள் கொழுந்தன், சன்னலருகே எங்கள் மேற்பார்வையாளர். இந்தக் கதை அங்கே பிறந்தது. படிவமும் கடிதமும் எழுதிப் பழகிய கை இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தற்கொலை செய்துகொண்டவர்களின் விவரம் தொகுப்பது என் வேலை. படிவத்தில் கட்டம் கட்டமாக வயது, படிப்பு, தொழில், மணமானவரா, தனியாக வாழ்ந்தவரா. பதினோராவது கட்டம்: காரணம். ஒன்றுதான் எழுத இடம். வீட்டார் பலதும் சொன்னால் முதலில் சொன்னதை எழுதுவது அலுவலக வழக்கம். தையல்காரியின் கணவனுக்கு 'குடும்பத் தகராறு' என்று எழுதியிருந்தேன்.

3

(இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "அவள் கண்களில் ஒரு" – அடித்துவிட்டேன். நான் படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

"வீட்டுக்கு வந்த படிவ நகலைப் பாத்ததுலேர்ந்து மாமியார் என் பிள்ளைய என்கிட்ட விட மாட்டேங்கிறாங்க சார். மாத்திக் குடுங்க."

"சண்டை போட்டது நிஜம்தானே அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"போட்டேன். நீயும் உன் பொண்டாட்டியும் போடாத சண்டையா? அவருக்கு எட்டு மாசமா வேலை இல்ல. முதுகு வலியில தூக்கமில்ல. மனசு விட்டுப் பேச ஆளில்ல. எல்லாத்தையும் சொன்னேனே சார்."

"சொன்னீங்கம்மா. ஆனா முதல்ல சண்டையத்தானே சொன்னீங்க."

"நீங்க முதல்ல அதைத்தானே கேட்டீங்க?"

4

என் குழப்பம் இங்கே தொடங்குகிறது, வாசகரே. ஆறு வருடமாக எல்லா வீட்டாரிடமும் நான் முதலில் கேட்பது, "வீட்டுல ஏதும் சண்டையா?" பேச்சை ஆரம்பிக்க அது வசதி. எங்கள் அட்டவணையில் குடும்பத் தகராறுக்கு எப்போதும் முதலிடம். அது அவர்கள் குடும்பமா, என் வாயா? [இங்கே ஒரு விளக்கம் வர வேண்டும். வரவில்லை.] 'வேலையின்மை' என்று திருத்தலாமென்றால், வேலையில்லாத மூன்று பேர் ஞாயிறுதோறும் என்னோடு சீட்டாடுகிறார்கள். ஆகவே இறந்தவர்

(வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிறேன்.)

5

முடிவு ஒன்று: திருத்துகிறேன், பிள்ளை அம்மாவிடம் வருகிறது. எழுத ஆசைதான். முடிவு இரண்டு: "ஒண்ணைத் தொட்டா எல்லாத்தையும் தொடணும்யா" என்கிறார் மேற்பார்வையாளர். இது நடந்தது. ஆனாலும் இதை முடிவாக வைக்க மனம் ஒப்பவில்லை.

ஒரு தாளை எடுத்தேன். அனுப்புநர், பெறுநர், தேதி. பெறுநர்: இறந்தவரின் தாயார்.

"அம்மா, சண்டை என்ற சொல்லை முதலில் எடுத்தவன் நான். உங்கள் மருமகள் பதில்தான் சொன்னார். வேறு பலதும் சொன்னார்; எழுத இடமில்லை என்று நான் எழுதவில்லை. உங்கள் மகன் ஏன் போனார் என்பது எனக்குத் தெரியாது."

படித்துவிட்டுப் பிள்ளையை அனுப்புவாரா? நீங்கள் சொல்லுங்கள். கொழுந்தன் கையில் கொடுக்க யோசனையாக இருந்தது. உறையை ஒட்டி, ஓரத்தை இரண்டு முறை அழுத்திப் பார்த்து, பதிவுத் தபாலில் சேர்த்தேன்.