மாப்பிள்ளை சாப்பிட்டாரா?

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அது கூரையிலிருந்து என் நோட்டின் மேல் சொட்டியது. எழுதிக்கொண்டிருந்த வரி கரைந்து ஓடியது. தொட்டு நாக்கில் வைத்தேன். (மேல்வீட்டுத் தண்ணீரை யாரும் நக்கிப் பார்க்க மாட்டார்கள். எழுதுகிறவனுக்குப் புத்தி அப்படித்தான் போகும்.) உப்புக் கரித்தது. மாடிக்கு ஓடினேன்.

2

தொடக்கம் ஒன்று: கடல் என்பது மனிதனின் ஆதித் தாய்மடி, அதிலிருந்துதான்—

வேண்டாம்.

தொடக்கம் இரண்டு: மேல்வீட்டில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவரும் அவர் மனைவி நர்ஸம்மாவும் இருந்தார்கள். ஹாலில் நாலடி நீளத்துக்கு ஓர் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி. அது மெக்கானிக்கின் செல்லம். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்த அன்று, டியூட்டி முடிந்து வரும் வழியில் நர்ஸம்மா அவருக்கு ஒரு மீன் வாங்கி வந்தார். விரல் நீளம், நீல உடம்பில் ஆரஞ்சு நெளிகோடுகள். நிறத்தில் மயங்கி வாங்கியது. தொட்டியில் விட்டதும், போட்ட தீனியைத் தொடாமல் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"அடேயப்பா, மாப்பிள்ளை முறுக்கு!" என்று சிரித்தார் நர்ஸம்மா. அதுவே பெயராகிவிட்டது.

இது சரியாக வருகிறது. இப்படியே போகிறேன்.

3

நாலே நாளில் மெக்கானிக்குக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அந்த மீன், உயிரோடு ஊரும் பொடிப்பூச்சிகளை மட்டும்தான் கொத்தும். தொட்டியில் இருப்பதை ஒரு வாரத்தில் காலி செய்துவிடும், அப்புறம் பட்டினி. ஆசையாக வாங்கி வந்தவளிடம் 'நீ கொண்டுவந்தது பிழைக்காது' என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. ரெஃப்யூஜியம் கட்டத் தொடங்கினார்.

(அந்தச் சொல்லுக்குப் 'புகலிடம்' என்று எழுதிப் பார்த்தேன். உடனே ஒரு தத்துவம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. எழுப்பி அனுப்பிவிட்டேன். விஷயம் எளிது. பெரிய தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள் ஒரு சின்னத் தொட்டி. அதில் நூல்கண்டு மாதிரிப் பச்சைப் பாசி, மேலே விளக்கு. தண்ணீர் ஒரு குழாயில் இறங்கி வரும். பம்ப் இன்னொரு குழாயில் ஏற்றிவிடும். மீன் வாய் எட்டாத அந்தப் பாசியில் பூச்சிகள் பயமில்லாமல் பெருகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோடு மேலே போய் இரையாகும்.)

"எதுக்குங்க ரெண்டாவது பெட்டி?"

"தண்ணி சுத்தமாகட்டும்னுதான்."

பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை பம்ப் ஓடியது, தண்ணீர் இறங்கியது, ஏறியது, மெக்கானிக் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். கரண்ட் போனது. பம்ப் நின்றதும், ஏற்றிய குழாயே தண்ணீரை உறிஞ்சிக் கீழே இறக்கியது. சின்னத் தொட்டி வழிந்தது. அலமாரி, தரை, கடைசியில் என் நோட்டு.

சண்டை போடத்தான் போனேன். கையில் ஒரு பெட்ஷீட்டைத் திணித்தார்கள். மண்டிபோட்டுத் துடைத்தேன்.

குழாயை மடக்கிப் பிடித்தபடி மெக்கானிக் புலம்பினார். "முப்பது மாடி லிஃப்டை நிறுத்துறவன், இத்தனூண்டு தண்ணிய நிறுத்தத் தெரியலையே!"

"காத்து விடுங்க," என்றார் நர்ஸம்மா. "ட்ரிப்ஸ் குழாய்ல காத்து புகுந்தா ஓட்டம் நிக்குமில்ல? மேல, தண்ணி மட்டத்துக்கு ஒட்டி ஒரு ஓட்டை போடுங்க. தண்ணி லேசா இறங்கினதும் காத்து உள்ள போயிடும்."

கரண்ட் வந்ததும் துளைத்தார். பம்பை நிறுத்திப் பார்த்தார். இரண்டு விரற்கடை இறங்கி, தண்ணீர் நின்றது.

பெட்ஷீட்டைப் பிழிந்துகொண்டே நர்ஸம்மா கேட்டார். "பூச்சி எப்ப வருது?"

மெக்கானிக் நிமிர்ந்தார். "உனக்கு எப்படி..."

"ஒட்டின வயிறு எனக்குத் தெரியாதா? தினமும் அதைத்தானே பாக்குறேன். மீன் வாங்கின கடையில கேட்டேன், பூச்சி விஷயமும் சொன்னாங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"நீ ஆசையா வாங்கினது..."

"அதுக்காக ரெண்டு பேரும் தனித்தனியா கவலைப்படணுமா?"

(மெக்கானிக் கண்ணில் நீர் என்று எழுதினேன். ஏற்கெனவே வீடெல்லாம் தண்ணீர். எடுத்துவிட்டேன்.)

5

கிடைத்தது ஒரே ஒரு பாட்டில் பூச்சி. எல்லாவற்றையும் மீனுக்கு வயிறாரக் கொடுத்தால் பத்து நாள் தாங்கும். எல்லாவற்றையும் பாசியில் விட்டால் பெருக மூன்று வாரம். அதுவரை மாப்பிள்ளை தாங்காது. மெக்கானிக் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நர்ஸம்மா வாங்கிப் பாதியைப் பாசியில் ஊற்றினார். மீதியை, காலையும் மாலையும், மருந்து சொட்டும் குழாயால் மாப்பிள்ளையின் வாயருகே விட்டார், எண்ணி எண்ணி.

6

முடிவு அ: பத்தாம் நாள் மாப்பிள்ளை இறந்துபோகிறது.

இதுதான் கதைக்குக் கனம் என்று நம்பி, மாடிக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். மெக்கானிக் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றார். "அது காதுல விழற மாதிரியா படிக்கிறது?" என்றார் நர்ஸம்மா. கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: மாப்பிள்ளை கொழுகொழுவென்று—

அவசரம்.

நடந்தது இது. இருபத்துமூன்றாம் நாள் காலை, பெரிய தொட்டியின் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூச்சிகள் ஊர்ந்தன. மாப்பிள்ளை வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. கொத்தியது. கொஞ்சம் தள்ளிப்போய் இன்னொன்று. மெக்கானிக் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார், சொட்டுக்குழாயோடு சேர்த்து.

மறுநாள் தொட்டியில் ஆஸ்பத்திரி பாணியில் ஒரு சார்ட் தொங்கியது: தேதி, பத்து நிமிஷத்தில் எத்தனை கொத்து, வயிறு. முதல் நாள் நான்கு. அப்புறம் ஒன்பது. பிறகு முப்பத்தொன்று. வயிற்றுக்கு நேரே நாள்தோறும் 'ஒட்டியது' என்றிருந்தது. நேற்று மட்டும், 'பரவாயில்லை'.

இன்றைய கட்டங்கள் காலி. மெக்கானிக் எங்கோ ஒரு லிஃப்டுக்கு அடியில் இருக்கிறார். நர்ஸம்மாவுக்குப் பகல் டியூட்டி. சாவி என்னிடம்தான். ஆனால் கதை எழுதுகிறவன் போடும் எண்ணை யார் நம்புவார்கள்?

உள்ளே வாருங்கள். பேனா நூலில் தொங்குகிறது. பத்து நிமிஷம் நின்று எண்ணிவிட்டு, நீங்களே எழுதுங்கள். ரொம்பக் கிட்டப் போகாதீர்கள். சாப்பிடும்போது யாராவது உற்றுப் பார்த்தால் மாப்பிள்ளைக்குக் கூச்சம்.