சன்னல் திறக்கும் வரை

வில்லியம் எதையோ சொல்ல விரும்பி மடிக்கணினியைப் பக்கத்தில் இழுத்தார். செயலியைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். அதன் சன்னல் திரையில் வருவதற்குள் சாப்பாட்டு மேசையில் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. வந்தபோது அவர் ஒன்றும் எழுதாமல் மூடிவைத்தார். எதிரே இருந்த மருமகன் கிளிஃபர்ட் அதைக் கவனித்தான்.

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு வில்லியத்துக்குக் குரல் இல்லை. தட்டச்சு செய்வதை உரக்கப் படிக்கும் அந்தச் செயலியைக் கிளிஃபர்டே எழுதிக் கொடுத்திருந்தான். வேலை நேரம் போக அவன் உருவாக்கிவந்த மென்பொருள் நூலகத்தில் அது இயங்கியது. ஒருமுறை எழுதினால் எந்தக் கணினியிலும் அதே சன்னலையும் பொத்தான்களையும் காட்டும் நூலகம். தீவில், அவனுடைய சுங்கை பினாங் ஃபிளாட்டுக் கணினியில், செயலி தொட்டதும் திறந்தது. மாமனாரிடம் மட்டும் திணறியது. லேப்டாப் பழசு என்று சொல்லி வந்தான். திறந்தே வைத்துக்கொள்ளச் சொன்னால் அவர் கேட்கமாட்டார். எழுதியதை யாராவது எட்டிப் பார்ப்பது பிடிக்காது.

அடுத்த சனிக்கிழமை பாலத்தைக் கடந்து, சுங்கை பாக்காப்பில் இருந்த அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, செயலி திறக்க எங்கே நேரம் போகிறது என்று அளந்தான். சன்னலை வரைவதில்தான் தாமதம் என்று நம்பி ஒரு வாரமாக அதையே செதுக்கியிருந்தான். வரைவதற்கு நேரமே ஆகவில்லை. முதல் சன்னலைக் காட்டுவதற்கு முன் அவனுடைய நூலகம் கணினியிலிருந்த எழுத்துருக்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்கொண்டிருந்தது. வில்லியம் கல்யாணக் கார்டு வடிவமைத்தவர். அதற்காக எழுத்துருக்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார்.

"மாமா, இவ்வளவு ஃபாண்ட் எதுக்கு? டிலீட் பண்ணிரலாமா?"

வில்லியம் கையை நீட்டி மடிக்கணினியைப் பாதி மூடினார்.

"சரி சரி, தொடமாட்டேன் லா."

பிழை தன் நூலகத்தில் இருந்தது என்பதை ஏற்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தேவையான ஒன்றை மட்டும் முதலில் எடுத்து, மற்றவற்றைக் கேட்கும்போது தேடும்படி மாற்றினான். செயலி தொட்டதும் திறந்தது. அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் மனைவி சாண்ட்ரா மேசையில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னாள். "ஏஜென்ட்கிட்ட பேசிட்டேன். இந்த வீட்டப் பாக்க ஆளுங்க வருவாங்க. வித்துட்டு எல்லாரும் பத்து காவான்ல புது வீட்டுக்குப் போயிரலாம். டேடியும் சரின்னுட்டாரு."

"நான் சரின்னு சொல்லல," என்றது மடிக்கணினி.

அந்த இயந்திரக் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. சாண்ட்ரா கரண்டியோடு நின்றாள்.

"பின்ன ஏன் டேடி இத்தன நாளா சும்மா இருந்தீங்க?"

"யாரும் நின்னு கேக்கல."

சாண்ட்ரா கிளிஃபர்டைப் பார்த்தாள். புது வீட்டைத் தேர்ந்தெடுத்தவன் அவன்தான். மாமனாரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட்காமல் இருந்தது வசதியாக இருந்தது என்பதும்.

சாண்ட்ரா நாற்காலியை இழுத்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வில்லியம் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, நீளமாக எதையோ தட்டத் தொடங்கினார். யாரும் தட்டைத் தொடவில்லை. பருப்புக் கறியின் மேல் மெல்ல ஆடை படர்ந்தது.