தோலும் கண்ணும்

முந்தல் என்ற ஊரில், தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கோஸ்டிக் சோடாவில் அவித்து, கண்ணுக்கே தெரியாத நாராக அரைக்கும் தொழிற்சாலையில் ஸுலைஹாவும் அவள் புருசன் முபாரிஸும் வேலை செய்தார்கள். அந்த நார்க்கூழைக் காயவைத்தால் பொலித்தீன் மாதிரித் தாள் கிடைக்கும். மண்ணில் போட்டால் உக்கிப்போகும்.

ஒருநாள் குழாய் வெடித்து, கொதித்த சோடாத் தண்ணீர் முபாரிஸின் முகத்தில் அடித்தது.

தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலைசெய்யும் டயனா, அதே நாரில் செய்த மெல்லிய தாளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

“டொக்டர் ஓம் எண்டுட்டார். இதைப் புண்ணில ஒட்டினா தோல் ஆறும், ராத்தா.”

“கண்ணு?” என்றாள் ஸுலைஹா.

“கண்ணுக்கு இது சரிவராது” என்று டயனா தாளின் உறையைப் பிரித்தாள்.

டயனா சொன்னபடியே தோல் ஆறியது, பார்வை திரும்பவில்லை. முபாரிஸ் கன்னத்தைத் தடவிப் பார்த்தான்.

“முகம் பழைய மாதிரியே இரிக்கா?”

“ஓம், அப்பிடியே இரிக்கி” என்றாள் ஸுலைஹா.

அடுத்த கிழமை அவள் தனியாக வேலைக்குப் போனாள். முபாரிஸ் நின்று வேலைசெய்த, மட்டை அவிக்கும் சோடாத் தொட்டியடியிலேயே அவளையும் வேலைக்கு விட்டார்கள்.